உயிரணு என்ற சொல்லும் என் தம்பியின் கழுத்தும்

1

“அத்தான், அவுக ஆஸ்பத்திரிய விட்டு வீட்டுக்கு வந்துட்டாக. கையில கட்டுன பேர்ப்பட்டையக்கூட அவுக்கல. ஆபரேசன் வேண்டாமாம். உங்க மேலதான் கோவமா இருக்காக. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்காக. பாத்ததும் கூப்பிடுங்க.”

என் தம்பியின் மனைவி தேவி அனுப்பிய செய்தி இது. ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை. தம்பி வீடு இருக்கும் குன்றத்தூரில் அப்போது முற்பகல். நான் இருக்கும் ஸ்வீடன் நகரத்தில் இன்னும் விடியவில்லை. வேலைக்குப் போகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். வருகிற செய்திகளை நாள்வாரியாக எடுத்து வைப்பது என் பழக்கம். ஆகவே இதை நினைவிலிருந்து எழுதவில்லை. உள்ளபடி எடுத்து எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்ததும் ஒரு ஐப்பசியில்தான். ஆண்டுதோறும் அந்த வாரத்தில் இந்தப் பத்திரிகைக்கு இந்தக் குறிப்புகளில் ஒன்றை எழுதி அனுப்புவேன். இந்த முறை குடியுரிமை அலுவலகத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். அது கிடக்கட்டும்.

தம்பியின் பெயர் முரளி என்று வைத்துக்கொள்வோம். ஒரகடத்தில் கார் இருக்கை செய்யும் கம்பெனியில் லைன் லீடர். சட்டையின் மேல் பட்டனைப் போட முடியவில்லை என்று கோடைக்காலத்தில் சொன்னான். தேவி தொட்டுப் பார்த்தபோது கழுத்தில், தைராய்டு சுரப்பி இருக்கும் இடத்தில், நெல்லிக்காய் அளவு கட்டி. பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஊசி போட்டு எடுத்துச் சோதித்தார்கள். நல்லது கெட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, பாதிச் சுரப்பியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாள் குறித்தாகிவிட்டது. முந்தின நாளே சேர்ந்தாகிவிட்டது. காலையில் அறுவைக்கு அழைத்துப் போகும் நேரத்தில் எழுந்து போய்விட்டான்.

என் மேல் ஏன் கோபம்? அதுதான் எனக்குப் புரியவில்லை.

2

என் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் மீதி விளங்காது.

மனித உடம்பில் என்னென்ன வகைச் செல்கள் இருக்கின்றன, எந்த உறுப்பில் எந்த இடத்தில் இருந்துகொண்டு என்ன செய்கின்றன என்று ஒரு வரைபடம் போடும் வேலை உலகம் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது. பல நாட்டு ஆய்வகங்கள் பங்கு பிரித்துச் செய்கின்றன. அப்படி ஓர் ஆய்வகத்தில், மாதிரிகள் வந்து இறங்கும் பிரிவில் இருக்கிறேன். நான் விஞ்ஞானி அல்ல. மறைமலை நகரில் ஒரு பெயின்ட் சோதனைக் கூடத்தில் இருந்தவன். மனைவிக்கு இங்கே செவிலியர் வேலை கிடைத்ததால் கூட வந்தவன். உறைபெட்டிகளைத் திறந்து, குழாய்களின் எண்ணும் தாளின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை.

பள்ளியில் இருநூறு சொச்சம் வகைச் செல்கள் என்று படித்தோம். அது பெரும்பாலும் நுண்ணோக்கியில் தெரிந்த வடிவத்தை வைத்துப் பிரித்தது. ஒரகடம் கூட்ரோட்டில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது புரியும். சட்டை நிறத்தை வைத்து இவர் இந்தக் கம்பெனி, அவர் அந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரே நிறச் சட்டையில் வெல்டரும் இருப்பார், கேன்டீன்காரரும் இருப்பார், நேற்றுச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளியும் இருப்பார். உள்ளே எந்த இடத்தில் நின்று என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்தால்தான் ஆள் யார் என்று தெரியும். இப்போது செல்களை அப்படிப் பார்க்கிறார்கள். எல்லாச் செல்லிலும் ஒரே மரபுப் புத்தகம்தான். எந்தச் செல் எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வகை பிரிக்கிறார்கள். வகைகள் பெருகிக்கொண்டே போகின்றன.

இதுவரை வந்தவற்றில் வெள்ளைக்காரர்களின் உடம்பு அதிகம். அதனால் நம் பக்கத்து மருத்துவமனைகள் சிலவும் இதில் சேர்ந்திருக்கின்றன. எப்படியும் அறுத்து எடுக்கப்போகும் சதையில், நோயில்லாத ஓரத்தில் ஒரு துணுக்கைக் கொடுக்கச் சம்மதமா என்று நோயாளியைக் கேட்பார்கள். “கேட்டால் சரி என்று சொல்லு. அண்ணன் பார்க்கிற வேலையும் அதுதான்” என்று முரளியிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

வேலையைப் பற்றி வீட்டில் விளக்க முயன்ற ஒரு பொங்கலும் நினைவுக்கு வருகிறது. தேவி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி வேலைக்கு வந்து, பிள்ளைப்பாக்கத்தில் விடுதியில் தங்கியிருந்தபோது முரளியைப் பார்த்து, இரண்டு வீட்டையும் சம்மதிக்கவைத்துக் கட்டிக்கொண்டவள். நான் செல்லை வகை பிரிக்கும் இடத்தில் இருக்கிறேன் என்றதும் அவள், “எங்க லைன்லயும் அதான் அத்தான். உங்களுக்கு எந்த மாடலு?” என்றாள்.

முரளி விழுந்து விழுந்து சிரித்தான். “இம்மாந்தூரம் பிளேன் ஏறிப் போயி செல்லு கம்பெனிதானாண்ணா? இங்கயே வூட்டு வாசல்ல பஸ்ஸு வந்து கூட்டிகினு போவானே!”

அன்று ஒரு சொல் இரண்டு பொருள் தந்ததை எல்லோரும் சேர்ந்து சிரித்துத் தீர்த்தோம்.

3

பேருந்தில் உட்கார்ந்து கூப்பிட்டேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தான்.

“இன்னாண்ணா.”

“ஏன்டா கிளம்பி வந்துட்ட?”

“ஒண்ணியும் இல்ல.”

“கட்டியை வச்சுக்கிட்டு ஒண்ணும் இல்லைங்கறியா?”

“என் கழுத்து, என் கட்டி. இருந்துட்டுப் போவுது.”

“தேவி பயந்து போய் இருக்கா. என் மேல கோவம்னு வேற எழுதியிருக்கா. நான் என்னடா பண்ணேன்?”

 பின்னணியில் லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வீட்டில் இல்லை, மேம்பாலத்துக்குக் கீழே டீக்கடையில் இருக்கிறான் என்று தெரிந்தது.

“உங்கூர்ல இதான் வேலையாண்ணா உனக்கு? தெரிஞ்சுதான் சொல்லியிருக்கியா நீ? சரின்னு சொல்லு, சரின்னு சொல்லுன்னு சொல்லிகினே இருந்த. நானும் அண்ணன் சொல்றாரேன்னு பேப்பர கையில வாங்கினேன். ஒரு பொம்பளப் புள்ள, அது வந்து நின்னுகினு சத்தமா படிக்குது. வார்டு ஃபுல்லா கேக்குது. பக்கத்து பெட்டுக்காரன் இன்னா கேட்டான் தெரியுமா? ‘இன்னா பாஸ், எக்ஸ்போர்ட் குவாலிட்டியா?’ன்னான்.”

“எதைப் படிச்சா?”

“அதெல்லாம் போன்ல சொல்ற விசயமா?” என்று கத்தினான். “எனக்கு ஒரு கொழந்த இல்லன்னு ஊருக்கே தெரியும். அத வெளிநாட்டுக்கு வேற அனுப்பணுமா? வைண்ணா போன.”

வைத்துவிட்டான். நான் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.

அன்று காலை உறைபெட்டி ஒன்றைத் திறந்து எண்களைப் பார்த்தேன். ஒரு குழாயின் எண்ணைத் தவறாகப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அறுவைக்கும் குழந்தைக்கும் என்ன தொடர்பு? மருந்தால் ஏதும் ஆகும் என்று யாரேனும் பயமுறுத்தினார்களா? மதியம் தேவி இன்னொரு செய்தி அனுப்பினாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு இடம் இருக்கிறதாம். நாளை மாலைக்குள் வருகிறோம் என்று சொல்லவேண்டுமாம். விட்டால் அந்த மருத்துவர் வெளியூர் போகிறார், தை மாதம்தான். கூடவே முரளி விட்டெறிந்த தாளைப் புகைப்படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

நல்ல தாள். தெளிவான அச்சு. நடுவில் இப்படி ஒரு வரி: “எனது உயிரணுக்களைச் சேகரித்து, எண்ணி, வகைப்படுத்தி, அயல்நாட்டு ஆய்வகங்களுடன் பகிர்ந்துகொள்ள இசைகிறேன்.”

இரண்டு மூன்று தடவை படித்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நல்ல தமிழ் என்றே நினைத்தேன். இந்தக் குறிப்புகளில் நானே அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன்.

4

மாலையில் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் சுடர் பள்ளிப் பையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். பதின்மூன்று வயது. எங்களோடு தமிழில் பேச வேண்டுமென்றால் முதலில் ஒரு பெருமூச்சு விடுவாள். பிறகு பேசுவாள்.

“இது என்னப்பா, உயிர்... அணு? உயிர் இருக்கற அணுவா?”

“செல்லுக்குத் தமிழ்.”

“இல்லையே. செல்லுக்குத் தமிழ் கலம். டீச்சர் சொன்னாங்க.”

இங்கே பள்ளியிலேயே வாரம் ஒருமுறை தாய்மொழி வகுப்பு நகராட்சி நடத்துகிறது. டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். சுடரின் தமிழ் பாதி அவருடையது. அவளுக்குக் கலம் என்றால் செல். எனக்குக் கலம் என்றால் சோறு போட்டுச் சாப்பிடுவது. என் சொல் அவளுக்கு அந்நியம், அவள் சொல் எனக்கு அந்நியம், இரண்டும் தமிழ்.

வந்த புதிதில் இதே மாதிரி ஒரு கூத்து நடந்தது. இருமலும் காய்ச்சலுமாக மருத்துவ மையத்துக்குப் போனேன். ஸ்வீடிஷ் தெரியாது என்பதால் தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்தார்கள். அவர் மிக மரியாதையாக, “உங்களுக்குத் தடிமனோ?” என்று கேட்டார். நான் அப்போது ஒல்லியாக இருப்பேன். “இல்லீங்க, அப்படியொண்ணும் இல்ல” என்றேன். மருத்துவர் மூக்கைக் காட்டினார். நான் மூக்கும் சாதாரணமாகத்தான் இருக்கிறது என்றேன். யாழ்ப்பாணத் தமிழில் தடிமன் என்றால் ஜலதோஷம் என்று தெரிய எனக்கு வெகுநேரம் ஆனது. சளிக்கு மருந்து வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

அதைச் சுடருக்குச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, “அப்போ சித்தப்பாவும் இதை வேற மாதிரி படிச்சிருப்பார்” என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் போய்விட்டாள்.

வேறு மாதிரி என்றால் எந்த மாதிரி? அந்தச் சொல்லை ஒரகடத்தில் எங்கே படிப்பார்கள்? அப்படிக் கேட்டுக்கொண்ட உடனே கண்ணுக்கு முன்னால் ஒரு சுவர் வந்து நின்றது.

கூட்ரோட்டிலிருந்து கம்பெனிப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் நீளும் சுற்றுச்சுவர். மேம்பாலத்துத் தூண்கள். பொதுக் கழிப்பறையின் கதவு. எல்லா இடத்திலும் மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து: “உயிரணு குறைபாடா? கவலை வேண்டாம்.” கீழே ஒரு போன் நம்பர், சித்த வைத்தியம், ரகசியம் காக்கப்படும். ஷிஃப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் ஆயிரக்கணக்கான ஆண்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே ஒரே ஒரு பொருள்தான்: பிள்ளை உண்டாக ஆணிடமிருந்து வரவேண்டியது. பாடப்புத்தகம் தந்த பொருள் பரீட்சையோடு முடிந்துபோனது. சுவர் தந்த பொருள் தினமும் கண்ணில் படுகிறது.

அந்தப் பொருளை வைத்துக்கொண்டு தாளைத் திரும்பப் படித்தேன். சேகரித்து. எண்ணி. வகைப்படுத்தி. அயல்நாட்டுக்கு.

தேவிக்கும் அவனுக்கும் திருமணமாகி வருடங்கள் ஓடிவிட்டன. தேவி எடுக்காத சோதனை இல்லை. அவளிடம் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, அடுத்து அவரை அழைத்து வாருங்கள் என்றார்கள். அவன் போகவில்லை. இன்று லைன் ஆடிட், நாளைக்கு ஓ.டி. என்று இழுத்துக்கொண்டே இருந்தான். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை, நான் உட்பட.

கழுத்து ஆபரேஷனுக்கு என்று கூட்டிப்போய், தான் பயந்து ஒதுங்கியிருந்த அந்தச் சோதனையை ஊரார் முன்னிலையில் செய்யப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். அதற்கு அண்ணனும் உடந்தை என்று நினைத்திருக்கிறான்.

5

மறுநாள் காலை முதல் வேலையாக அவனைக் கூப்பிட்டேன். மாலைக்குள் மருத்துவமனைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

“முரளி, அது இல்லடா.”

“எது இல்ல?”

“நீ நினைக்கிறது.”

“நான் இன்னா நினைக்கிறேன்?”

இரண்டு பேருக்கும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். ஒருவழியாக நானே சொன்னேன். “சுவத்துல ஒட்டியிருக்கானே, அந்த உயிரணு இல்லடா இது. செல்லு. கழுத்துச் சதையில இருக்கிற செல்லு. செல்லுன்னு எழுதறதுக்குப் பதிலா சுத்தத் தமிழ்ல போட்டிருக்கான்.”



“சுத்தத் தமிழா?” என்றான் மெதுவாக. “நல்லா இருந்துச்சு. சுத்தத் தமிழ்ல என் மானம் போச்சு.”

“போய்ச் சேர்ந்துரு. வெள்ளிக்கிழமை இடம் இருக்கு.”

“வரலண்ணா.”

“ஏன்?”

“அந்தப் பொண்ண நான் இன்னா கேட்டேன் தெரியுமா? உங்கப்பன்கிட்ட போயி எடுன்னுட்டேன். எல்லாரும் பாக்கறாங்கோ. அதும் கண்ணு கலங்கிப் போச்சு. நம்ம குன்றத்தூர் பொண்ணாம். எந்த மூஞ்ச வச்சிகினு போறது? பக்கத்து பெட்டுக்காரன் வேற எங்க கம்பெனி ஃபோர்க்லிஃப்ட் ஓட்றவனுக்கு மச்சான். இந்நேரம் லைன் முழுக்கத் தெரிஞ்சிருக்கும். நான் ஷிஃப்டுக்கு கெளம்பறேன்.”

“கட்டி?”

“அதான் தையில எடுத்துக்கலாம்னாங்களே.”

“எடுத்துக்கலாம்னு சொல்லல. இதை விட்டா தைதான்னு சொன்னாங்க.”

வைத்துவிட்டான். புரியாதபோது கோபம் இருந்தது. புரிந்தபிறகு வெட்கம் வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. எதைச் சொல்லி அதை எழுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையைக் கூப்பிட்டேன். நோயாளியைப் பற்றிப் பேச முடியாது என்றார்கள். நோயாளியைப் பற்றி அல்ல, தாளைப் பற்றி என்றேன். தாளைப் பற்றிப் பேசுவது ஆய்வுப் பிரிவு, அவர்கள் மீட்டிங்கில் இருக்கிறார்கள் என்றார்கள். நான் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் எடுத்தது வார்டில் தாளைப் படித்த அந்தப் பெண்ணேதான்.

“சார், தமிழ் வெர்ஷன், எதிக்ஸ் கமிட்டி அப்ரூவ் பண்ணது. நாங்க ஒரு எழுத்தக்கூட மாத்த முடியாது. அகராதியில பாருங்க, உயிரணுன்னா செல்தான்.”

“அகராதியில சரிம்மா. நம்ம கூட்ரோட்டுச் சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு பாத்திருக்கியா?”

 “அய்யோ!” என்றாள் அவள்.  மறுபடி பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

“சார், இவருக்கு முன்னாடியும் சில பேரு ஒண்ணுமே சொல்லாம பேப்பரத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. அத்தனை பேரும் ஆம்பளைங்க. லேடீஸ் எல்லாம் டக்டக்குன்னு சைன் பண்ணிடுவாங்க. ஆம்பளைங்களுக்குத்தான் ஊசின்னா பயம்னு நாங்க கேன்டீன்ல பேசி சிரிச்சிருக்கோம்.” கொஞ்சம் நிறுத்தி, “அவர வரச் சொல்லுங்க சார். நான் எதுவும் மனசுல வச்சுக்கல. ஆராய்ச்சிக்குக் குடுக்கலன்னாலும் பரவால்ல, ஆபரேஷன விட வேணாம்னு சொல்லுங்க” என்றாள்.

அதை அப்படியே தேவிக்குச் சொன்னேன். அந்தச் சொல்லின் விவகாரத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. தம்பி மனைவியிடம் பேசுகிற விஷயமா என்று வாய் குழறியது. அவள் இடையில் குறுக்கிட்டாள்.

“அத்தான், இதுக்கா இவ்வளவு பாடு? இருங்க. அவுக ஷிஃப்டு பஸ்ஸுக்கு நிக்காக. நான் போறேன். போன கட் பண்ணாதிய.”

போனை அவள் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. செருப்புச் சத்தம், நாய் குரைப்பது, ஆட்டோ. பிறகு ஆண்கள் கூட்டத்தின் பேச்சுச் சத்தம். யாரோ, “முரளி, வூட்டுக்காரம்மா” என்றார்கள்.

“இன்னாடி இங்க வந்து நிக்கிற?”

“ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டு பஸ் ஏறுங்க. நான் போயிருதேன்.”

“இன்னா?”

“அத எண்ணிப் பாக்கதுக்கு உங்க கழுத்தையா அறுப்பாக?”

  யாரோ ஒருவர் குபுக்கென்று சிரித்தார். இன்னொருவர் சிரித்தார். அதற்குப் பிறகு என் தம்பி சிரித்தான். அடக்கி, முடியாமல், இருமி, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரிப்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. பேருந்து வந்து கதவு திறக்கும் ஓசை கேட்டது.

“டேய் முரளி, ஏறலையா?”

“இல்லடா. கழுத்துல ஒரு வேல கீது. நீ போ.”

6

வெள்ளிக்கிழமை அவன் போனான். அதற்கு முன் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டானாம். அவள் தாளை மடித்து வைத்துவிட்டு, “வேணாம்ணே, இது இல்லாமலே ஆபரேஷன் நடக்கும்” என்றாளாம். இவன் குடுங்க என்று வாங்கியிருக்கிறான்.

கம்பெனியில் எழுதிய எதையும் கிறுக்கி மறைக்கக் கூடாது. வெள்ளை மை தொடக் கூடாது. தவறான சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரியவேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து, தேதி. லைன் லீடர்களுக்கு இது இரத்தத்தில் ஊறியது. மாதிரி வாங்கும் என் பிரிவிலும் இதே விதிதான். முரளி “உயிரணுக்களை” என்பதன் மேல் ஒரே கோடு போட்டான். மேலே, “கழுத்து சதை செல்லு” என்று எழுதினான். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டான். கீழே சம்மதம் என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்து. தேவி அதையும் படம் எடுத்து அனுப்பினாள். எனக்கு வரும் தாள்களில் இத்தனை சுத்தமான திருத்தத்தை நான் பார்த்ததில்லை.

அறுவை முடிந்து, சோதனை முடிவு வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். சுடர் தினமும் “சித்தப்பாக்கு வந்துச்சா?” என்று தமிழில், பெருமூச்சு இல்லாமல் கேட்டாள். ஒரு நாள் மாலை பேருந்தில் இருக்கும்போது அவனே கூப்பிட்டான். குரல் காற்றாக வந்தது. கழுத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

“நல்ல கட்டிதானாம்ணா,” என்றான். “வேற ஒண்ணியும் இல்லியாம்.”

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“நீ பேசுண்ணா. எனக்கு இப்போ கத்தவும் முடியாது, போன வைக்கவும் மனசு இல்ல.”

பேசினேன். எதையெதையோ பேசினேன். இதை எழுதட்டுமா, உன் பேரை மாற்றிவிடுகிறேன் என்று கடைசியில் கேட்டேன். யோசித்தான்.

“எழுது. நம்மூரு ஆம்பளைங்க நாலு பேரு அந்த வார்த்தையப் பாத்துட்டு ஓடாம இருப்பான். ஆனா அந்த எக்ஸ்போர்ட் மேட்டர மட்டும் எழுதாத.”

அதையும் எழுதிவிட்டேன். தம்பி மன்னிக்க வேண்டும். அது இல்லாமல் நீ ஓடியது யாருக்கும் விளங்காது.

7

இனி இரண்டு செய்திகள்.

தை பிறந்ததும் அந்த இன்னொரு சோதனைக்கும் வருவதாக முரளி தானாகவே சொன்னானென்று தேவி எழுதியிருக்கிறாள். போனானா, என்ன ஆயிற்று என்று நான் கேட்கப்போவதில்லை. அது அவர்கள் இருவருடையது.

கேட்டுக்கொண்டிருப்பது மற்றொன்றை. கமிட்டி ஒப்புதல் தந்த தாளில் கையால் திருத்தம் செய்தால் அந்தச் சம்மதம் செல்லுமா என்று மருத்துவமனையில் ஒருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. செல்லும் என்றால் அவன் கழுத்தின் ஒரு துணுக்கு, எண் மட்டும் போட்ட ஏதோ ஒரு குழாயில், ஏதோ ஒரு நாட்டு ஆய்வகத்துக்குப் போயிருக்கும். செல்லாது என்றால் அன்றே குப்பைக்குப் போயிருக்கும். ஆய்வுப் பிரிவுப் பெண் தன் அதிகாரிக்கு எழுதியிருக்கிறாள். நானும் எழுதியிருக்கிறேன். தமிழ்த் தாளில் அந்தச் சொல்லை மாற்றப்போகிறார்களா என்றும் சேர்த்தே கேட்டிருக்கிறேன்.

இதை அனுப்பும் இன்றைய தேதி வரை இரண்டுக்கும் பதில் இல்லை. முரளியின் செல்கள் வரைபடத்தில் சேர்ந்தனவா என்பது உறுதி செய்யப்படாத தகவல்.